இறுங்குத் தண்டில் நஞ்சறிந்த திரேசா அம்மையாருக்கு

பயிரின் பசுமையில் மயங்காது, பச்சைக்குள் இருப்பதைப் பகுத்தறிந்து உரைத்த எங்கள் பேரன்புக்குரிய அம்மையாரே! வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து எத்தாளையை ஊராக்கி, இத்தீவனப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெறும் தங்கள் முன்னிலையில், தாங்கள் ஒருபோதும் பெருமை பேசாத நாளொன்றை இந்த அவைக்குச் சொல்கிறோம்.

முந்தாண்டு, நீண்ட வறட்சிக்குப்பின் சித்திரையில் மழை விழுந்ததும், மதுரங்குளியில் நௌஃபர் ஹாஜியார் விதைத்து வாடிக்கிடந்த தீவன இறுங்குச் சோளம் கருகருவென எழுந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கென அவர் வளர்த்த முப்பத்தாறு மாடுகளோ விலாவெலும்பு தெரிய நின்றன. சத்தறிய அவர் அனுப்பிய பயிர்க்கட்டில் அம்மையார் கண்டதோ நஞ்சு! வாடிய பயிர் தண்டில் சேர்த்துவைத்த நைத்திரேற்று, மூன்று முறை சோதித்தும் எல்லை கடந்தே நின்றது.

“தலைமையகம் உறுதிப்படுத்தட்டும், ஒரு கிழமை பொறுங்கோ” என்றார் மேலதிகாரி. அதற்குள் மாடுகள் தின்றுவிடுமே! அம்மையார், நஞ்சிருந்தால் நீலமாக மாறும் சோதனை மருந்துக் குப்பியோடு பஸ் ஏறினார். கணிப்புப் பிழைத்தால் அம்மாடுகளை வீணே பட்டினி போட்டவளாவேனே என்ற அச்சம் வழிநெடுகக் கூடவே வந்தது.

அங்கே ஆட்கள் அரிவாளோடு வயலில் இறங்கிவிட்டிருந்தார்கள்.

“மிஸ், மாடு பசியில கிடக்குது. கண்ணுக்கு முன்னால பச்சயிருக்க, வெட்ட வாணாமெண்டா என்ன ஞாயம்?” என்றார் ஹாஜியார்.

“நௌஃபர் நானா, பசிச்ச மாட்டுக்குத்தான் இது கெதியாப் பிடிக்கும். மத்தியானம் போட்டா பின்னேரம் விழும். என்ர சொல்லை நம்பவேண்டாம், இதைப் பாருங்கோ.”

தண்டின் அடியைப் பிளந்து ஒரு துளி விட்டார். கண்மூடித் திறப்பதற்குள் அது கருநீலமாயிற்று.

ஹாஜியார் வயலைப் பார்த்துக் கத்தினார்: “வெட்டினத அப்படியே போட்டுட்டு மேல வாங்க எல்லாரும்!”

அன்று மாடுகளுக்கு வைக்கோலும் புண்ணாக்கும் வந்தன. நஞ்சு மிகுந்த அடித்தண்டை விட்டு மேற்பகுதியை மட்டும் அறுத்து, மிச்ச நஞ்சும் புளித்துத் தணியும்படி குழியில் அழுத்திக் காற்றுப் புகாமல் மூடுவித்தே அம்மையார் வீடு திரும்பினார். ஆறு கிழமையின்பின் குழியைத் திறந்து மீண்டும் சோதித்தார், தீவனம் தேறியது. மாடுகளும் தேறின.

அனுமதியின்றிச் சென்றதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அம்மையார் ஒரே வரியில் பதிலெழுதினார்: “முப்பத்தாறு மாடுகளும் உயிரோடு உள்ளன.” அதற்குமேல் எவரும் கேட்கவில்லை.

நிறைந்த நலத்தோடும் நீண்ட ஆயுளோடும் நிம்மதியாய் இருங்கள், அம்மையாரே!

தங்களோடு பணிசெய்த பேறுடைய
தர்சிகா, அஸ்மின், மற்றும் கூடத்து ஊழியர் அனைவரும்