வழங்க வேண்டிய தொகை: இல்லை

இவாஞ்சலின்: ...அறுபத்துமூணு, நசீமாம்மா. மூணு வருஷத்துல அறுபத்துமூணு விண்ணப்பம் அனுப்பியிருக்கீங்க. அத்தனைக்கும் எங்க பதில் ஒண்ணுதான். வழங்க வேண்டிய தொகை: இல்லை.

நசீமுன்னிசா: மொதல்ல டீயக் குடிங்க மேடம். திட்டறதுக்குன்னே வேலூர்லருந்து ஆம்பூர் வரைக்கும் பஸ்ஸுல வந்திருக்கீங்க. தொண்டை காஞ்சிருக்கும்.

இவாஞ்சலின்: திட்ட வரலம்மா.

அஃப்ஸர் ஜஹான்: நான் சொன்னேன்ல ஆபா. இன்சூரன்ஸ் ஆபீஸ்லருந்து வீடு தேடி வர்றாங்கன்னா ஒண்ணு பாலிசிய நிறுத்தப் போறாங்க, இல்லன்னா...

நசீமுன்னிசா: நீ ஊசியப் பாத்துத் தை அஃப்ஸர். மறுபடியும் விரல்ல ஏத்திக்கிட்டா அறுபத்துநாலாய்டும்.

இவாஞ்சலின்: அதத்தான் பேச வந்தேன். உங்க சங்கத்துல இருநூத்து நாப்பது பேரு. எல்லாரும் வீட்லயே உக்காந்து கையால ஷூ அப்பர், அதான் ஷூவோட மேல்பாகம், தைக்கிறவங்க. கைக் காயத்துக்குன்னு எடுத்த பாலிசி. பில்லுல மொத ரெண்டாயிரம் உங்க கைக்காசு, அதுக்கு மேல போனாத்தான் கம்பெனி தரும். இது தெரிஞ்சேதானே அனுப்புனீங்க?

நசீமுன்னிசா: சங்கத்துக்குச் செயலாளரே நான்தான். தெரியாம இருக்குமா? ஊசி குத்திப் பழுத்தா எண்ணூறு ஆகும், ஆயிரத்து இருநூறு ஆகும். ரெண்டாயிரத்தத் தாண்டறது எப்பவாச்சும்தான். அதனாலதானே அந்த ரெண்டாயிரத்த ஐநூறாக் கொறைங்கன்னு மனு போட்டோம்.

இவாஞ்சலின்: அந்த மனு என் மேஜைலதான் இருக்கு. இன்னிக்கு சாயந்திரம் பதில் போயாகணும்.

அஃப்ஸர் ஜஹான்: இன்னா பதில் மேடம்?

இவாஞ்சலின்: கொறைச்சா கம்பெனிக்கு எவ்வளவு ஜாஸ்தி ஆகும்னு கணக்கு போட்டுச் சொல்லணும். மத்த ஊர்கள வெச்சுச் சொல்ல முடியாது. ரெண்டாயிரத்துக்கு உள்ள என்ன ஆனாலும் யாரும் எங்களுக்குத் தெரியப்படுத்த மாட்டாங்க. தெரியப்படுத்தி என்ன கிடைக்கப் போகுது? அதனால எங்க பதிவேட்டுல சின்னக் காயமே கிடையாது. எத்தன இருக்கும்னு தெரியாததால மேனேஜர் பயந்துட்டாரு. ஆளுக்கு வருஷத்துக்கு முந்நூறு ரூபா பிரீமியம் ஏத்தச் சொல்றாரு.

நசீமுன்னிசா: முந்நூறா... பாதிப் பேர் விட்ருவாங்க மேடம்.

இவாஞ்சலின்: தெரியும். ஆனா பதிவேட்டுல ஆம்பூருக்கான பக்கத்துல மட்டும் சின்னக் காயமும் பில்லோட இருக்கு. நீங்க அனுப்புன அறுபத்துமூணு. அத வெச்சு நேத்து போட்டுப் பாத்தேன். அந்த அறுபத்துமூணு போக, மூணு வருஷத்துல ரெண்டாயிரத்தத் தாண்டி நாங்க காசு குடுத்தது பதினேழு. அது ஒவ்வொண்ணுக்கும் இனிமே ஆயிரத்தைந்நூறு கூடத் தரணும்.

அஃப்ஸர் ஜஹான்: இருபத்தஞ்சாயிரத்து ஐநூறு.

இவாஞ்சலின்: ...ஆமா. உங்க அறுபத்துமூணுல இருபது பில்லு ஐநூறுக்கு உள்ளயே முடிஞ்சிருக்கு. அதுக்கு இனிமேலும் ஒண்ணும் வராது. மீதி நாப்பத்துமூணு. ஒவ்வொண்ணுலயும் ஐநூறக் கழிச்சிட்டுக் கூட்டுனா இருபத்தஞ்சாயிரத்து எண்ணூறு. ரெண்டையும் சேத்து, மூணு வருஷத்தால வகுத்து, இருநூத்து நாப்பது பேருக்குப் பிரிச்சா...

அஃப்ஸர் ஜஹான்: எழுபத்தோரு ரூபா. கால் ரூபா சில்லறை.

நசீமுன்னிசா: ஜோடிக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கறவ மேடம். இவ கிட்ட தையல் வேலை குடுக்கற ஏஜென்ட் பத்து பைசா கம்மி பண்ண முடியாது.

இவாஞ்சலின்: எங்க ஆபீஸ்ல உக்கார வேண்டியவங்க. எங்க செலவும் சேத்தா தொண்ணூறு.

நசீமுன்னிசா: தொண்ணூறுன்னா ஒருத்தி விடாமக் கட்டுவா. அப்புறம் இன்னா யோசனை?

இவாஞ்சலின்: மேனேஜர் நம்பல. காசு வராதுன்னு தெரிஞ்சும் யாரு இவ்வளவு சிரத்தையா அனுப்புவாங்க, எல்லாக் காயமும் இதுல வந்துட்டதுன்னு என்ன நிச்சயம்னு கேக்கறாரு. காரணத்த எழுத்துல வாங்கிட்டு வந்தா தொண்ணூறு. இல்லன்னா முந்நூறுதான்னு சொல்லிட்டாரு. அதனாலதான் கேக்கறேன். ஏன் அனுப்புனீங்க?

நசீமுன்னிசா: ஃபார்ம் சும்மாதானே குடுத்தீங்க.

இவாஞ்சலின்: அத எழுத முடியாதும்மா.

நசீமுன்னிசா: எந்தக் காயமானாலும் தெரிவிக்கணும்னு பாலிசிலயே போட்டிருக்கு.

இவாஞ்சலின்: எல்லா ஊர்ப் பாலிசிலயும் போட்டிருக்கு. வேற யாரும் அனுப்பலயே.

அஃப்ஸர் ஜஹான்: சொல்லிடுங்க ஆபா.

நசீமுன்னிசா: வாய மூடு. சொன்னா ஒருத்தர் வேலைக்கு ஆபத்து.

இவாஞ்சலின்: யார் வேலைக்கு?

அஃப்ஸர் ஜஹான்: நான் சொல்றேன் மேடம். உங்க பதில் லெட்டர்ல "இல்லை"ன்னு அச்சடிச்சிருக்கும்ல, அதுக்குக் கீழ பேனாவால ஒரு வரி வரும். எனக்கு வந்தது, "கட்டைவிரல் இப்போது மடங்குகிறதா? ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்." எதிர் வீட்டு குர்ஷித்துக்கு, "தையல் பிரித்தாகிவிட்டதா?" ஒவ்வொருத்திக்கும் வேற வேற.

நசீமுன்னிசா: ஜோடி கொறஞ்சா ஏஜென்ட் கேப்பான். சோறு லேட்டானா வீட்ல கேப்பாங்க. என்னை மாதிரி ஒண்டியா இருக்கறவள அதுக்குக் கூட யாரும் கேக்க மாட்டாங்க. விரல் எப்படி இருக்குன்னு கேட்டது அந்த லெட்டர்தான் மேடம். நாலு பேருக்கு வந்தது தெரிஞ்சதும் சின்னக் குத்துக்கும் ஃபார்மோட வந்து வாசல்ல நின்னாளுங்க. ஒருத்தியையும் திருப்பி அனுப்பல.

இவாஞ்சலின்: ...இத எழுதலாம். இதுதான் காரணம்.

நசீமுன்னிசா: வேணாம். கம்ப்யூட்டர் லெட்டர்னு அந்த லெட்டர் அடியிலயே போட்டிருக்கு. அதுல கையால எழுதினது யாருன்னு உங்க மேனேஜர் தேடுவாரு. எங்களால அந்த மனுஷருக்குப் பேஜார் வரக்கூடாது. முந்நூறுன்னே இருக்கட்டும்.

இவாஞ்சலின்: நான் எழுதறேன், கேளுங்க. "மறுப்புக் கடிதத்தின் அடியில் நலம் விசாரித்து எழுதப்பட்ட வரிக்காகவே, உறுப்பினர்கள் எல்லாக் காயங்களையும் தெரிவித்துள்ளனர். அவ்வரிகளை எழுதியவர்..."

அஃப்ஸர் ஜஹான்: யாருன்னு தெரியாதுன்னு எழுதுங்க மேடம்.

இவாஞ்சலின்: பொய்யா எழுத முடியாது அஃப்ஸர். எழுதினது நான்தான். வெறும் "இல்லை"ன்னு மட்டும் அனுப்பறதுக்குக் கை வரல... மேனேஜர் கேட்டா நான் பாத்துக்கறேன். நீங்க அனுப்பலன்னா இந்தக் கணக்கே கிடையாது. அதுக்கு நன்றி சொல்லாமப் போக முடியாது, நசீமாம்மா. இந்தாங்க, இங்க ஒரு கையெழுத்து.

நசீமுன்னிசா: நீங்கதான்னு எனக்குத் தெரியும்மா. காகிதத்துல பேனா வெச்சதுமே அந்த எழுத்து தெரிஞ்சிடுச்சு. உங்க வாயால வரட்டும்னுதான் இருந்தேன்... கையெழுத்து போடறதுக்கு முன்னாடி நானும் ஒண்ணு சொல்லிடறேன். ஐநூறுக்கு உள்ள முடிஞ்ச அந்த இருபதுல நாலு என்னோடது. பிளாஸ்திரி வாங்கின பில்லு நெசந்தான்... ஆனா அந்த நாலு தடவையும் எனக்குக் காயமே படல.