பக்கத்து வீட்டு மெஹ்னாஸ்

ஜாபர் பாய்,

உங்கள் வீட்டு எவர்சில்வர் தூக்கு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மூடியில் சபீஹா அக்கா நெயில் பாலிஷால் 'ச' என்று எழுதி வைத்திருப்பாரே, அந்தத் தூக்கு. ரம்ஜானிலிருந்து எங்கள் அடுக்களை மேல்தட்டில் உட்கார்ந்திருக்கிறது. என் வீட்டுக்காரி ஈவ்லின் இரண்டு முறை ஞாபகப்படுத்திவிட்டாள். அடுத்த வீட்டுப் பாத்திரத்தை அமுக்கிக்கொள்ளும் பழக்கம் எங்களுக்கு இல்லை. வெறுமனே திருப்பிக் கொடுக்கும் பழக்கமும் இல்லை. என்ன போட்டுக் கொடுப்பது என்று புரியாமல்தான் தாமதமாகிவிட்டது.

நேற்று சாயங்காலம் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று நீங்கள் ஓர் உதவி கேட்டீர்கள்.

"தம்பி, நீங்க அந்த கேம் கம்பெனிலதானே கீறீங்க? மெஹ்னாஸ்னு ஒரு பொண்ணு இவகூட வெளையாடிகினு இருந்துச்சாம். அது யாரு, எங்க கீதுன்னு கொஞ்சம் பாத்து சொல்லுங்க. காசு போனா போவுது. அந்தப் பொண்ணுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு இவ அஞ்சு வேளையும் துஆ கேட்டு அழுதுகினு இருக்கா."

பார்க்கிறேன் பாய் என்றேன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, எனக்குத் தெரியும். நேரில் சொன்னால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், விஷயம் ஒழுங்காக வராது. அதனால் எழுதுகிறேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

எங்கள் ஆபீஸ் ரேடியல் ரோட்டில், பள்ளிக்கரணைச் சதுப்பைப் பார்த்தாற்போல ஆறாவது மாடியில் இருக்கிறது. போனில் விளையாடும் கேம் செய்கிறோம். பெயர் 'எங்க தெரு'. ஒவ்வொருவருக்கும் ஒரு பொம்மை வீடு, சுற்றிலும் நாலு பக்கத்து வீடு. சமைக்கலாம், சுவருக்கு வெள்ளையடிக்கலாம், தொட்டியில் செடி வைக்கலாம், அக்கம்பக்கத்தில் பேசலாம். எல்லாம் இலவசம். இதில் ஒரு பொய்யும் கிடையாது. இன்றைக்கும் இலவசம்தான்.

அந்த இலவசத்தாலேயே கம்பெனி கவிழ இருந்தது. விளையாட வந்தவர்கள் ஏராளம், காசு கொடுத்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். எங்கள் மேனேஜர் தீனா மீட்டிங்கில் தலையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம ஜனம் இருக்கே, ஓசின்னா பினாயிலைக்கூட குடிக்கும்டா. காசுன்னா கங்கா தீர்த்தமே வேணாங்கும்" என்றான். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஜனங்களை மட்டம் தட்டுவது எனக்கு ஆகாது. இந்தத் தொழிலில் அதிகமாகச் செலவழிக்கிறவர்களைத் திமிங்கிலம் என்று சொல்வார்கள். எங்கள் ஆபீசில் அந்த வார்த்தையை ஒழித்து 'விருந்தாளி' என்று வைக்கச் சொன்னவன் நான்தான். அதற்காக என்னைக் கிண்டல்கூடச் செய்தார்கள்.

தீனாவின் தலைவலிக்கு மருந்து உங்கள் வீட்டு நோன்புக் கஞ்சியில் கிடைத்தது பாய். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ரம்ஜான் மாதம். அக்கா சுவர் மேல் இதே தூக்கை நீட்டினார். கஞ்சி பிரமாதம், சும்மா சொல்லக் கூடாது. குடித்து முடித்ததும் ஈவ்லின் தூக்கைக் கழுவித் துடைத்துவிட்டு டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தாள். சர்க்கரைகூட இல்லை.

"போய் அரைக் கிலோ சக்கரை வாங்கிட்டு வாங்க."

"இப்பவேவா? நாளைக்குக் குடுத்துக்கலாம்."

"வெறும் பாத்திரத்தைக் குடுக்கவும் முடியாது, வச்சிக்கவும் முடியாது. அந்தக்கா என்ன நெனைப்பாங்க? கெளம்புங்க சொல்றேன்."

அக்கா எதுவும் நினைத்திருக்க மாட்டார். அது ஈவ்லினுக்கும் தெரியும். ஆனாலும் நான் செருப்பை மாட்டிக்கொண்டு போனேன். கடைக்காரரிடம் காசை நீட்டும்போதுதான் உறைத்தது. இலவசமாக வந்த கஞ்சிக்கு நான் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டவர் யாருமில்லை, கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. சர்க்கரைப் பொட்டலத்தோடு ஏரிக்கரைப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் ஆபீசில் சொன்னேன். ஒரே மாதத்தில் கேமுக்குள் தூக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பொம்மை உங்கள் வாசலில் பலகாரம் வைத்துவிட்டுப் போகும். எடுத்துக்கொண்டால் உங்கள் வீட்டுக்கு அழகு கூடும். காலித் தூக்கு மட்டும் வாசலில் நிற்கும். ஒரு நாளைக்குள் ஏதாவது போட்டுத் திருப்பித் தர வேண்டும். கேமில் ஒரு லட்டு பிடிக்க ஆறு மணி நேரம் ஆகும். காத்திருக்க முடியாதவர்கள் நாற்பத்தொன்பது ரூபாய்க்கு நாணயம் வாங்கினால் உடனே ஆகிவிடும். கட்டாயம் ஒன்றுமில்லை.

திருப்பித் தராவிட்டால் என்ன ஆகும் என்பதில் கொஞ்சம் மெனக்கெட்டோம். முதலில் பக்கத்து வீட்டுப் பொம்மை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற மாதிரி செய்து பார்த்தோம். ஜனங்கள் கோபப்பட்டுக் கேமையே அழித்துவிட்டார்கள். பிறகு நான் மாற்றினேன். பொம்மை கோபப்படாது, ஒரு வார்த்தை சொல்லாது. தன் வீட்டு ஜன்னலை மட்டும் மெதுவாகச் சாத்திக்கொள்ளும். அவ்வளவுதான் பாய். அந்த மாதமே எங்களுக்கெல்லாம் போனஸ் வந்தது.

அக்காவின் போனில் கேமைப் போட்டுக் கொடுத்தது நான்தான், மறைக்கவில்லை. உங்கள் மகள் ரூக்சார் கல்யாணமாகி ஆம்பூர் போன புதிது. அக்கா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே, "வூட்ல பேச்சுத் தொணைக்கு ஒரு காக்கா கெடையாது தம்பி" என்று ஈவ்லினிடம் இருந்த பழக்கத்தில் என்னிடமும் சொன்னார். பாவமாக இருந்தது. போனைக் கொடுங்கள் என்றேன்.

"காசு கீசு புடிக்குமா?"

"ஃப்ரீதான் அக்கா."

"அப்ப சரி."

நீங்கள் சவூதியில், தமாமில் ஏசி மெக்கானிக்காகப் பத்தொன்பது வருஷம் உழைத்ததும், கேம்ப் ரோட்டில் சொந்தமாக ஏசி சர்வீஸ் கடை போட்டு ஊரோடு வந்துவிட வேண்டும் என்பதற்காக அக்கா பெயரில் அட்வான்ஸ் பணம் சேர்த்ததும் எனக்கு அப்போதே தெரியும். அக்கா அதைக் 'கடைப் பணம்' என்பார். சில நேரம் 'அவங்க வர்ற பணம்' என்பார். இரண்டும் ஒன்றுதான். அந்தப் பணம் சேர்ந்தால் நீங்கள் வருவீர்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சாதாரண ஆட்களுக்குப் பக்கத்து வீட்டில் பொம்மைதான் இருக்கும், அதுவே பேசும். விருந்தாளியாக வளர்ந்தவர்களுக்கு அது போதாது. உண்மையான மனுஷரை வைப்போம். ஆபீசில் ஒருவர் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரராகப் பேசுவார். அக்கா நாலே மாதத்தில் அந்த நிலைக்கு வந்துவிட்டார். அவரை யாரிடமோ ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. பழகின மனிதர் அல்லவா. நானே எடுத்துக்கொண்டேன்.

மெஹ்னாஸ் நான்தான் பாய்.

வாணியம்பாடி என்று வைத்தேன். வயது முப்பத்தைந்து, புருஷன் கத்தாரில். அக்காவுக்கு ஒட்டுதலாக இருக்கட்டும் என்றுதான். மற்ற ஊழியர்களை விட எனக்கு ஒரு வசதி இருந்தது. அக்காவுக்கு முட்டி வலி என்று ஈவ்லின் சாப்பாட்டு வேளையில் சொன்னால், மறுநாள் மெஹ்னாஸ், "முட்டி தேவலையா அக்கா?" என்று கேட்பாள். ரூக்சார் ஒரு வாரமாகப் பேசவில்லை என்றால், மெஹ்னாஸ் பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேச்செடுப்பாள். ஒரு நாள் அக்கா சுவரோரம் நின்று ஈவ்லினிடம், "என் கூடப் பொறந்ததுகூட இப்டி கேக்காது புள்ள. சொல்லாமலே புரிஞ்சிக்கறா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அப்போது வண்டி துடைத்துக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

நேரம் பார்ப்பதும் எங்கள் வேலைதான். நீங்கள் தமாமிலிருந்து தினமும் ராத்திரி எட்டரைக்குக் கூப்பிடுவீர்கள். "சாப்டியா, உடம்பு நல்லா கீதா, சரி வச்சிர்றேன்." களைப்பு, நான் குறை சொல்லவில்லை. நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும். அதற்கு அப்புறம் ஒரு பத்து நிமிஷம்தான் அக்கா அதிகமாக நாணயம் வாங்குகிறார் என்பதைக் கணக்கு காட்டியது. ஆகவே மெஹ்னாஸின் தூக்கை எட்டு நாற்பதுக்கு வைத்தேன். நீங்கள் போனை வைத்ததும் வாசலில் யாரோ வந்து நிற்கிற மாதிரி இருக்கட்டுமே என்று.

இந்த ரம்ஜானுக்கு அக்கா மெஹ்னாஸிடம் முகவரி கேட்டார். ஷீர் குருமா பாயசம் செய்து கூரியரில் அனுப்புவாராம். மெஹ்னாஸ் ஏதோ சொல்லித் தட்டிக் கழித்தாள். அக்கா அதைத் தூக்கில் ஊற்றி ஈவ்லினிடம் கொடுத்தார். "மெஹ்னாஸுக்குன்னு செஞ்சேன், அட்ரஸ் குடுக்க மாட்டேங்கறா. அவளுக்கு முந்திரின்னா உசுருன்னு சொல்லிருந்தா, அள்ளிப் போட்டுட்டேன். நீங்களாவது சாப்பிடுங்க."

முந்திரி எனக்குத்தான் பிடிக்கும். எழுதும்போது கை தானாக எழுதிவிட்டது. இரண்டு டம்ளர் குடித்தேன். அந்தத் தூக்குதான் இது. போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் மறைத்தால் என் மனசாட்சி ஒப்பாது. பெருநாள் முடிந்த வாரம் அக்கா மெஹ்னாஸுக்கு எழுதினார். "கோச்சிக்காதம்மா. இனிமே நான் வெளையாட மாட்டேன். தெரியாம கடைப் பணத்துல கை வச்சிட்டேன், பாதி போயிடுச்சு. அவங்க வர்றதுக்கு வச்ச பணம். மீதியாச்சும் நிக்கட்டும்."

அந்த வரியை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே சதுப்பில் கொக்குகள் இறங்கிக்கொண்டிருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜெபசீலனாக நான் இருந்திருந்தால், 'நல்லது அக்கா, விட்டுவிடுங்கள்' என்று சொல்லியிருப்பேன். ஆனால் அவர் ஜெபசீலனிடம் சொல்லவில்லை. மெஹ்னாஸிடம் சொன்னார். ஒருவர் நம்பிச் சொன்னதை இன்னொருவர் எடுத்துக்கொள்வது முறையல்ல. மேலும் அது காலாண்டின் கடைசி வாரம்.

மெஹ்னாஸ் எழுதினாள்: "சரி அக்கா. உங்க வீட்டுக்காரர் வந்துருவாரு, நீங்க நல்லா இருப்பீங்க. எனக்குத்தான் இனிமே யாருமில்ல. பரவால்ல."

பிறகு ஜன்னலைச் சாத்தினேன்.

ஒரு பைசா கேட்கவில்லை பாய். அந்த உரையாடலை எங்கே வேண்டுமானாலும் காட்டலாம், பணம் என்ற சொல்லே என் பக்கம் கிடையாது. நாற்பது நிமிஷத்தில் அக்கா திரும்பி வந்தார். ஒரு லட்டு அல்ல, கல்யாண சீர் மாதிரி இருபத்தோரு தட்டு வரிசை வாங்கி மெஹ்னாஸ் வாசலில் வைத்தார். அதற்கடுத்த ஐந்து வாரத்தில் மீதியும் போய்விட்டது. மொத்தம் ஏழு லட்சத்துச் சொச்சம். அந்தக் காலாண்டில் சிறந்த ஊழியர் என்று எனக்குப் பரிசு தந்தார்கள். எங்கள் படுக்கையறை ஏசி அந்தப் பரிசில் வாங்கியதுதான்.

போன வாரம் அது தண்ணீர் ஒழுகியபோது, கடை போடலாம் என்று ஊருக்கு வந்திறங்கியிருந்த நீங்கள்தான் ஸ்டூல் போட்டு ஏறிச் சரி செய்தீர்கள். அக்கா அப்போதுதான் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்த சமயம். உங்கள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஆனாலும் வந்தீர்கள். நான் காசு நீட்டியபோது, "அக்கம்பக்கத்துல இன்னா தம்பி காசு" என்று கையைத் தட்டிவிட்டீர்கள். உங்களுக்குத் தெரியாது, கேமைத் திறந்ததும் முதலில் வரும் வாசகமே ஏறக்குறைய அதுதான். நான் எழுதியது.

மெஹ்னாஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. முப்பது நாள் செலவு செய்யாத விருந்தாளியிடமிருந்து மனுஷரை எடுத்துவிட்டுப் பொம்மையை வைத்துவிடுவது கம்பெனி விதி. எனக்கும் வருத்தம்தான். மெஹ்னாஸுக்கு அக்கா மேல் இருந்த பிரியம் பொய்யில்லை. அதை அக்காவிடம் சொல்லுங்கள். மெஹ்னாஸ் நான்தான் என்பதை மட்டும் சொல்ல வேண்டாம், அவர் மனசு தாங்காது. ஈவ்லினிடமும் வேண்டாம். அவள் அக்காவைத் தன் சொந்த அக்காவாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கடை இல்லை என்றாகிவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை மறுபடி தமாமுக்குக் கிளம்புகிறீர்களாம், மூன்று வருஷ ஒப்பந்தமாம். ஈவ்லின் சொன்னாள். ஐம்பத்து நாலு வயதில் வெயிலில் நின்று செய்யும் வேலை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அக்காவை நினைத்துக் கவலைப்படாதீர்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருக்கிறோம்.

தூக்கை வெறுமனே தரக் கூடாது என்று சர்க்கரை போட்டிருக்கிறேன். அதன் மேல் இந்தக் கடிதத்தோடு ஒரு சிறு சீட்டும் இருக்கிறது. அதில் உள்ள எண்ணைக் கேமில் போட்டால் அக்காவுக்கு ஐயாயிரம் நாணயம் இலவசமாகக் கிடைக்கும், மெஹ்னாஸும் ஒரு வாரத்துக்குத் திரும்பி வருவாள். ஊழியர்களுக்குத் தருவது, என் பங்கை அப்படியே கொடுத்துவிட்டேன். நீங்கள் ஃபிளைட் ஏறுவதற்குள் மறக்காமல் அக்காவைப் போடச் சொல்லுங்கள் பாய், ஞாயிற்றுக்கிழமையோடு அது காலாவதியாகிவிடும்.

அன்புடன்,
பக்கத்து வீட்டு ஜெபசீலன்