கையெழுத்திட மறுத்த மருத்துவர் அனோஜா

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, மருத்துவரின் கணவர் மோகனசுந்தரம் அவர்களே, மகள் அட்சயா, வடக்கிலிருந்து விமானம் மாறி மாறி வந்து சேர்ந்திருக்கும் ஜூலியஸ் அவர்களே, இந்த ஸ்காபரோ மண்டபத்தை நிறைத்திருக்கும் உறவுகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் பாலேஸ்வரி. காசநோய்த் தடுப்பு வேலையில் மருத்துவர் அனோஜா அவர்களோடு பல வருடங்கள் கூடவே இருந்த தாதி. இரங்கல் கூட்டத்தில் அமைதியாகப் பேச வேண்டும் என்பார்கள். என்னிடம் இன்று அமைதி இல்லை. போன ஞாயிறு வரைக்கும் மில்லிக்கனில் தன் வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தவர், இதயம் நின்று போய்விட்டார் என்றால் எப்படி அமைதி வரும்?

அவரும் அமைதியானவர் அல்லர். தொலைபேசியில் பேசும்போது ஓரிடத்தில் நிற்கமாட்டார். "கொஞ்சம் இருந்து தேத்தண்ணியைக் குடியுமன்" என்பார் மோகனசுந்தரம் அண்ணை. "நீங்கள் குடியுங்கோ, நான் ஒரு கோல் எடுத்திட்டு வாறன்" என்று போனவர், தேநீர் ஆறிய பிறகுதான் திரும்புவார். அந்தத் தவிப்பு எங்கிருந்து வந்தது? அதைத்தான் சொல்ல வந்தேன்.

வட ஒன்ராறியோவில் பைன்நரோஸ் என்று ஓர் ஊர். ஓஜி-கிரீ பழங்குடி மக்களின் ஊர். வீதி கிடையாது, விமானம்தான். ஜூலியஸ் அவர்கள் அங்கே நலவாழ்வுப் பொறுப்பாளர். ஒரு குளிர்காலம் அங்கே காசநோய் தலைகாட்டியது. முதலில் ஒரு மூதாட்டி. சோதனைக்கு எடுத்த அவருடைய சளி, பனிப்புயல் ஓய்ந்து விமானம் வரும்வரை காத்துக் கிடந்தது. நோய் உறுதி என்று முடிவு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அடுத்தது மாக்கஸ். ஊரின் பனிச்சறுக்குத் திடலைப் பராமரிப்பவர், பிள்ளைகளுக்கு ஹொக்கி சொல்லிக்கொடுப்பவர். தெற்கே மருத்துவமனைக்கு வரச் சொன்னார்கள். மறுத்துவிட்டார். அவருடைய தகப்பனையும் இதே நோய்க்காக ஒரு காலத்தில் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றுகூட வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை. "நான் ஏறமாட்டேன்" என்றார் மாக்கஸ். அவ்வளவுதான்.

தொற்றுநோயாளியைக் கட்டாயப்படுத்திக் கொண்டுவரச் சட்டத்தில் இடமுண்டு. உத்தரவு தயாராகி மருத்துவரின் மேசைக்கு வந்தது. ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். உறவுகளே, உங்கள் கையில் அந்தப் பேனா இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? திடலில் பிள்ளைகள் விளையாடியிருக்கிறார்கள். பயப்படக் காரணம் இருந்தது. மருத்துவரும் பயந்தார். ஆனால் கையெழுத்திடவில்லை. ஜூலியஸ் அவர்களை அழைத்து, "வேறு வழி இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இருக்கிறது. அவரை எங்கள் ஊரிலேயே பார்த்துக்கொள்கிறோம். ஆனால் நடத்துவது நாங்கள். மருந்தை அனுப்புங்கள், கேட்டால் பதில் சொல்லுங்கள். முடிவு எங்கள் சபையுடையது."

மருத்துவர், "சரி, நான் உங்களுக்கு வேலை செய்கிறேன்" என்றார். தொலைபேசியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பாலேஸ், இவ்வளவு காலமும் நாங்கள் சொல்லிக்கொண்டுதான் திரிஞ்சம். இனிக் கேட்பம்."

நோய் பரவினால் யார் பொறுப்பு என்று மேலிடம் கேட்டது. "நான்தான்" என்றார் மருத்துவர்.

ஏரிக்கரையில் வெறுமையாக இருந்த ஒரு வீட்டை ஊர்ச்சபை மாக்கஸுக்கு ஒதுக்கியது. அயலவர்கள் விறகு வெட்டிப் போட்டார்கள். சமைத்த உணவை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். ஊரின் சுகாதாரப் பணியாளர் தினமும் போய், மாத்திரையை விழுங்கும்வரை நின்று பார்த்தார். இங்கே மருத்துவருக்கு நித்திரை இல்லை. விடிந்ததும் அழைப்பார், "இன்று எப்படி?"

பிறகு, நாங்கள் எதிர்பாராதது நடந்தது. மாக்கஸ் அந்த வீட்டிலிருந்தபடி, திடலுக்கு வந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்தார். "போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். என்னை யாரும் எங்கேயும் கொண்டுபோகவில்லை" என்றார். இருமலை மறைத்துக்கொண்டிருந்தவர்கள் தாங்களாகவே வந்தார்கள். அதில் சிலருக்கு நோய் இருந்தது. எல்லோரும் பிழைத்தார்கள். ஓர் உத்தரவைக் கண்டிருந்தால் அவர்களில் யார் வந்திருப்பார்கள்? மறு குளிர்காலம் மாக்கஸ் மீண்டும் திடலில் இறங்கினார்.

அந்த மூதாட்டிக்கு நேர்ந்தது இனி ஒருவருக்கும் நேரக்கூடாது, சளியைச் சோதிக்கும் இயந்திரம் எங்கள் ஊரிலேயே வேண்டும் என்று ஜூலியஸ் அவர்கள் ஒவ்வொரு கூட்டமாகப் போய்க் கேட்டார். மருத்துவரும் உடன் போனார். அதிகாரிகள் பழக்கத்தில் மருத்துவரைப் பார்த்துத்தான் கேள்வி கேட்பார்கள். "அவரைக் கேளுங்கள்" என்பார். அந்த இயந்திரம் இன்று பைன்நரோஸில் இருக்கிறது. முடிவு அன்றைக்கே தெரிகிறது.

எங்கள் ஆட்களிலும் ஒருவர் ஒரு விழாவில் அவரை மறித்துக் கேட்டார். "எங்கட சனத்துக்குச் செய்யாமல் ஏன் டொக்டர் அங்க ஓடுறியள்?"

"எங்களைக் கேட்காமல் எங்களுக்கு மற்ற ஆக்கள் முடிவெடுத்தால் எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே, அங்கிள்" என்றார்.

அப்படிப்பட்டவர் போய் இன்னும் ஒரு கிழமை ஆகவில்லை. அதற்குள் மேலிட அலுவலகத்திலிருந்து எங்களுக்கு அறிவித்தல் வந்துவிட்டது. புதிய மருத்துவர் நியமிக்கப்படும்வரை பைன்நரோஸ் காசநோய்த் திட்டம் இடைநிறுத்தமாம். யாருடைய திட்டத்தை யார் நிறுத்துவது? இது அனோஜா என்ற ஒருவரின் திட்டமா? பைன்நரோஸ் சபையின் திட்டம் அல்லவா? மருந்து குடித்துக்கொண்டிருப்பவர்களின் உடம்பிலுள்ள கிருமியும் இடைநிறுத்தத்தில் இருக்குமா?

நாளைக் காலை ஜூலியஸ் அவர்களும் நானும் அந்த அலுவலகத்துக்குப் போகிறோம். பேசப்போவது அவர். அறிவித்தலைத் திரும்பப் பெறும்வரை நாங்கள் எழும்பப்போவதில்லை. உங்களில் வரக்கூடியவர்கள் வாருங்கள். மருத்துவர் அனோஜாவுக்கு நான் வைக்கக்கூடிய மலர் அதுதான்.

திங்கட்கிழமை நான்தான் பைன்நரோஸுக்குச் சாவுச் செய்தி சொன்னேன். ஜூலியஸ் அவர்கள் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அடுத்த கிழமை மருந்து விமானம் வருமா?"

எத்தனையோ பேர் வந்து, ஏதோ தொடங்கி, பாதியில் போன ஊர் அது. நான் யாரையும் கேட்கவில்லை. "வரும், நானும் வாறன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அப்படியென்றால், ஓடுபாதையில் பனியை வழித்து வைக்கிறோம்" என்றார்.