ராத்திரியில வீங்குற வானம்

...என்னைப் பாத்து, "இன்னொரு தடவ சரிபாருங்க"ன்னு சொல்றார் சார், எங்களை மாதிரியே ஆகாயம் அளக்கற அந்த மேற்கு ஸ்டேஷன்காரர்! தலையில முடி இருந்த காலத்துலேர்ந்து ஆகாயத்தையே அளந்துக்கிட்டிருக்கறவன் நான்!

அட, உக்காருங்க சார். விமானம் இறங்கிட்டா உடனே கதவைத் தொறந்துடுவாங்களா? பையை மடியில வச்சுக்குங்க. எங்க விட்டேன்... ஆங், புயல்! மழை, காத்து எல்லாம் இல்ல. சூரியன்லேர்ந்து வர்ற காந்தப் புயல். மேல ரொம்ப உயரத்துல மின்சாரம் ஏறின காத்து ஒரு படலமா இருக்கு. அயனி மண்டலம்பாங்க. அதைப் போட்டு ஆட்டிடும். ஒரே புயல்தான், ஆனா தீர்க்கரேகைக்குத் தீர்க்கரேகை ஆட்டம் வேற. எங்க பகலோ, அங்க பெரும்பாலும் புஸ்ஸுனு வீங்கும். எங்க ராத்திரியோ, அங்க சப்பையாப் போயிடும். அதனால நமக்கென்னவா? உங்க போன்ல வழி காட்டுதே, அது உங்களை மாமியார் வீட்டுக்குப் பதிலா பக்கத்து வீட்டுல இறக்கிடும்! ...அது நல்லதுதான்னு சிரிக்கிறீங்க, சரி...

போன மாசம் பெரிய புயல். எங்களுக்குக் கிழக்கே இருக்கற ஸ்டேஷன்ல, மேற்கே இருக்கற ஸ்டேஷன்ல, அவங்கவங்க ஊர் மத்தியானத்துல வீங்கிச்சு. எங்க ஊர்ல? ராத்திரி எட்டரை மணி சார், கும்மிருட்டு! உலகத்துல எங்கயும் இல்லாத அதிசயம், என் மொட்டைத் தலைக்கு நேர் மேல! விடுவேனா? கட்டுரை எழுதி, அதிசயத்துக்கு என் பேரையே வச்சுட்டேன். வெக்கமா? எனக்கா?

"ராத்திரி சூரியனே இல்லையே, எப்படி வீங்கும்?"னு அந்த மேற்குக்காரர் கேட்டார். "உங்க மிஷினைத் துடைச்சு எவ்வளவு நாளாச்சு?"ன்னு நான் திருப்பிக் கேட்டேன். நாளைக்கு இந்த ஊர்ல நடக்கற மாநாட்டுல முன்வரிசையில உக்காந்திருப்பார். நான் பேசறது எடுபட்டாதான் எங்க ஸ்டேஷனை மூடாம வச்சிருப்பாங்க. இல்லேன்னா எங்க எல்லாருக்கும் வேலை போச்சு.

வீட்டுக்காரி வேற, "அடுப்பை அணைச்சீங்களான்னு கேட்டா முழிக்கிறீங்க, ஆகாயத்துல மட்டும் உங்களுக்குத் தப்பே வராதா?"ங்கறா. வாஸ்தவம்தான், வீட்டுல நான் மக்குதான். ஆனா வேலைல? ம்ஹூம்! மிஷின் உலகப் பொது நேரத்துல எழுதும். நான் என் கையால அஞ்சரை மணி நேரத்தைக் கூட்டி எங்க ஊர் நேரமாக்குவேன். வெறும் கூட்டல் சார்! அதுல என்ன தப்பு வரும்?

என்ன போனை நோண்டறீங்க? ...மணியை மாத்தறீங்களா? அய்யய்யோ, வேணாம்! இறங்கினதுமே அது தானா இந்த ஊர் நேரத்துக்கு மாறியாச்சு. அதுமேல நீங்க வேற கூட்டினா, பட்டப்பகலை ராத்திரின்னு காட்டும்! ஹஹ்ஹா... பாத்தா படிச்சவர் மாதிரி இருக்கீங்க, இதுகூடவா...

...

சார்.

போன வருஷம் எங்களுக்குப் புது மிஷின் வந்துச்சு. மாட்ட வந்த மெக்கானிக் ஏதோ சொன்னார். "இனிமே ஊர் நேரத்தை அதுவே..."ன்னு ஆரம்பிச்சார். முழுசா எங்க கேட்டேன்? அவரை உக்கார வச்சு, அவருக்குக் காந்தப் புயலை விளக்கிக்கிட்டிருந்தேன்!

ரெண்டு தடவ கூட்டியிருக்கேன் சார். அது ஒரு தடவ, நான் ஒரு தடவ. வீங்கினது மத்தியானம் மூணு மணிக்குத்தான்... எல்லா ஊரையும் போல, சாதாரண மத்தியானம்...

கதவைத் தொறந்துட்டாங்க. போங்க, போங்க, எனக்காக நிக்காதீங்க. போறப்ப வாசல்ல நிக்கற அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்களேன்... இந்த விமானம் எப்ப திரும்பிப் போகுது, இந்த சீட்டு காலியாத்தானே இருக்கும்னு.