பெட்டிக்குள் நின்ற வீரன்

அமாவாசைக் கூட்டத்தோடு மேல்மலையனூர் போகும் பஸ். என் முன் சீட்டில் மச்சான்கள் இருவர். ஒருவர் கோயில் சிலைகளுக்கு வர்ணம் அடிப்பவர். மற்றவர் மடியில், பிரிக்காத பெட்டிக்குள் ஒரு வீடியோ கேம் வீரன் பொம்மை.

“ஒரிஜினலான்னு சொல்லு மச்சான். பிரிச்சா மவுசு போயிடும், அப்படியே பாரு.”

பெயிண்டர் பெட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார்.

“கழுத்துல ஒட்டு தெரியல. பெல்ட்டுல பெயிண்ட் வழியல. டூப்ளிகேட்னா ஒரு கண்ணு செஞ்சியப் பாக்கும், ஒரு கண்ணு வல்லத்தப் பாக்கும். இதுல ரெண்டும் ஒரே எடத்தப் பாக்குது. ஒரிஜினல்தான்.”

“அப்போ பெட்டியோடவே ஷெல்புல வெச்சிடறேன்.”

“இன்னா பேச்சு இது. சிலைக்குக் கண்ணு எழுதறதுதான் எங்களுக்குக் கடைசி வேலை. எழுதிட்டா அப்பறம் மூடி வெக்கமாட்டோம். இவன் உள்ளருந்து யாரப் பாப்பான்?”

மற்றவர் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு டேப் உரியும் சத்தம் கேட்டது.