மழை கட்டியவர் கோபுரம்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, ஐயா. உப்பளத்தில் எந்தத் தண்ணீரில் போட்டாலும் டீ லேசாகக் கரிக்கும். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை என்று மரக்காணத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பங்குச் சாமியாரைக்கூடக் கேட்டுப் பாருங்கள்.

உப்பளத்துக்கு நடுவே நிற்கிற கோபுரம் உப்புத் திருடர்களைக் கண்காணிக்க வெள்ளைக்காரன் கட்டியது. அதன் மாடியில் தேசப்பன் என்ற மந்திரவாதியை முதலாளிகள் குடிவைத்திருந்தார்கள். மழையைக் கட்டுவதுதான் அவர் வேலை. மழை வந்தால் விளைந்த உப்பு கரைந்து போகுமே. மேகம் கூடினால் மாடியில் வேப்பிலையும் மிளகாயும் போட்டுப் புகை எழுப்புவார். வானூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு அவர் பேரைக் கேட்டாலே வயிறு எரியும். தங்கள் பயிர் காய்வது அவரால்தான் என்று கம்பும் கையுமாக வருவார்கள். அதனால் கோபுரத்துக்குக் காவல் தேவைப்பட்டது. அந்தக் காவல்காரன்தான் நான். கீழறையில் இருந்தேன். என்னைத் தாண்டி ஈ காக்கை உள்ளே போனதில்லை.

வீடு எக்கியார்குப்பத்தில். மனைவி இன்னாசிமேரி, நாலு வயது மகள் ஜெர்லின். இரண்டாயிரத்து நாலில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் ஊருக்குள் வந்தபோது இன்னாசிமேரி ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு தப்பித்தாள். பிள்ளை அவள் கையிலிருந்து நழுவிவிட்டது. அதற்காக அவளை நான் ஒரு வார்த்தை கடிந்ததில்லை.

அடுத்த நாள் தேடிப் போனபோது உப்புப் பாத்தி வரப்போரம் ஒரு பெண் குழந்தை கிடந்தது. உயிர் இல்லை. ஜெர்லினின் புதுக் கவுனைப் போட்டிருந்தது. அன்று கடல் யார் துணியை யாருக்குப் போட்டுவிட்டது என்று எவருக்கும் தெரியாது, ஐயா. யார் பெற்ற பிள்ளையோ என்று நானே குழி தோண்டிப் புதைத்தேன். பிறகு மாடியேறி தேசப்பனின் காலைக் கட்டிக்கொண்டேன். என் மகளைத் திரும்ப அழைத்துத் தரச் சொன்னேன். அப்படி நான் யாரிடமும் அழுததில்லை.

"மழையக் கட்டத்தான்டா எனக்குத் தெரியும். போனவங்கள கூப்புடற வித்த எவன்கிட்டயும் இல்ல, பாஸ்கல்" என்றார்.

பெரியவர்கள் அப்படித்தான். வாயால் இல்லை என்பார்கள், காரியத்தை முடித்துக் கொடுத்துவிடுவார்கள். கீழே இறங்கி வந்தால் சீமைக்கருவேல முள்ளுக்குள் முனகல் கேட்டது. என் மகள். உடம்பெல்லாம் கீறல், ஆனால் உயிரோடு. கீழறைக்குத் தூக்கிவந்து கஞ்சி கொடுத்தேன்.

கொஞ்சம் மாறித்தான் இருந்தாள். கன்னத்தில் புதிதாக ஒரு மச்சம் வந்திருந்தது. பேரைக் கேட்டால் நிவேதா என்றாள். அத்தனை தண்ணீருக்குள் போய் வந்த பிள்ளைக்குப் பேர் ஞாபகம் இருக்குமா. பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். ஜெர்லின் என்று சொன்னால் சோறு. நிவேதா என்றால் சோறு கிடையாது, கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்துகொள்வேன். ஒரு நாளும் கை நீட்டியதில்லை.

இன்னாசிமேரியிடம் சொல்லவில்லை. அவள் பைத்தியம்போலக் கரையில் நடந்து பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தாள். பேர் படிந்த பிறகு காட்டலாம் என்று இருந்தேன். அரைகுறையாகக் காட்டி அவள் மனதை உடைக்க எனக்கு மனசு வரவில்லை.

உப்பு வாருகிற முத்தம்மாள் என்ற பெண் அடிக்கடி கோபுர வாசலில் வந்து உட்காருவாள். அவள் பிள்ளையும் கடலோடு போயிருந்தது.

"ஏம்பா, சாமிகிட்ட ஒரு வார்த்த கேளுப்பா. எம்பொண்ணு நிவேதா எங்க இருக்குதுன்னு மட்டும் சொல்லட்டும். உன் கால்ல வுழுறேன்" என்று அழுவாள். எனக்குப் பாவமாக இருக்கும். பிள்ளையைப் பறிகொடுக்கிற வலி எனக்குத் தெரியாதா. அவள் வருவது தெரிந்தால் ஜெர்லின் வாயில் துணி வைத்துவிடுவேன். மெத்தென்ற துணிதான். உள்ளே கதவைப் பிராண்டுகிற சத்தம் கேட்டால் எலி என்று சொல்லிவிடுவேன்.

ஒரு நாள் அவள் அழுகையைத் தேசப்பன் மாடியிலிருந்து முழுக்கக் கேட்டுவிட்டார். அவள் போனதும் படிக்கட்டில் வந்து நின்றார்.

"டேய், இது உன் பொண்ணு இல்லடா. உனக்கே தெரியும். அந்தம்மாவக் கூப்ட்டு குடுத்துடு. இல்லன்னா நான் போய் சொல்லிடுவேன்."

சொன்னபடியே இறங்கவும் ஆரம்பித்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஏறிப் போய் அவர் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். ஒல்லியான மனிதர், படி செங்குத்து. கீழே வந்த பிறகும் மூச்சு இருந்தது. அதை நான் நிறுத்தினேன். பிறகு மாடிக்குத் தூக்கிப்போய் அவருடைய பாயிலேயே கிடத்தி, உப்பைக் கொண்டுவந்து கொட்டி மூடினேன். உப்பில் எதுவும் சீக்கிரம் கெடாது.

அதற்குப் பிறகு புகையை நான்தான் போட்டேன். அவருக்கு வருகிற சோற்றைப் பிள்ளையும் நானும் சாப்பிட்டோம். அந்தக் கோடையில் ஒரு பொட்டு மழை இல்லை. முதலாளிகள் கீழே நின்று மாடியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வித்தை எனக்கும் வந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

ஐப்பசியில் பிடித்த மழைதான் கெடுத்துவிட்டது. எவ்வளவு புகை போட்டும் நிற்கவில்லை. அம்பாரம் அம்பாரமாகக் குவித்த உப்பு கரைந்தது. அர்ச்சுனன் முதலாளி மந்திரவாதியைக் கேள்வி கேட்க வேலைக்காரர்களோடு வந்து கதவை இடித்தார். கீழறையில் தண்ணீர் முழங்கால் வரை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். கூரை ஒழுகி அங்கேயும் உப்பு கரைந்திருந்தது. தேசப்பனின் முகம் வெளியே தெரிந்தது. பிள்ளை வீறிட்டது. அவசரத்தில் துணி வைக்க மறந்துவிட்டேன். அந்தச் சத்தம் கேட்டுத்தான் கதவை உடைத்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் முத்தம்மாளும் இருந்தாள். பிள்ளை அம்மா என்று அவள்மேல் பாய்ந்தது. பயந்த பிள்ளை யார்மேல் வேண்டுமானாலும் பாயும். அதை நீங்கள் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நீங்கள் இன்னாசிமேரியை வரவழைத்தது நல்லதாயிற்று. அவள் பிள்ளையின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி வெகுநேரம் பார்த்தாள். "இது எம்புள்ள இல்லிங்க" என்றாள். பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை என்றால், என் மகள் அந்தத் தண்ணீரில் என்ன பாடு பட்டிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். அவளை முத்தம்மாளோடு அனுப்பிவிடாதீர்கள், ஐயா. இன்னும் கொஞ்ச நாள் என்னிடம் விடுங்கள், இன்னாசிமேரிக்கும் நான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன்.