மூக்குத்தி எந்தப் பக்கம்

ஹலோ... ஆமா, பிளெசிதான்... சொல்லுங்க பத்ரிநாராயணன் சார், படம் வந்து சேந்துச்சா?... என்னது?... சார், சார், ஒரு நிமிஷம். மெதுவா. எங்க வீட்டுக்காரர் பட்டான்செரு ஃபேக்டரில ஷிப்ட் முடிச்சு இப்பத்தான் வந்து படுத்திருக்கார். நான் திருப்பிக் கத்த முடியாது, அதனால நீங்களும் கத்தாதீங்க... ஹவ், ஹவ், சரி, கேக்கறேன். சொல்லுங்க.

...ம்... ம்... மூக்குத்தியா?... தப்புப் பக்கம் போட்டுட்டேனா?... யாரு சொன்னா?... உங்க அக்கா. கனகம் மாமி... ஓஹோ.

இல்ல சார், அவங்க சொன்னா சரியா இருக்கும். நான் இல்லேங்கல. ஆனா உங்க சம்சாரம் வைதேகி அம்மாவ நான் நேர்ல பாத்தது கிடையாது. அவங்க போய் ரெண்டு வருஷம் ஆச்சு. பொண்ணு ஹர்ஷிதா கல்யாண மண்டபத்துல வைக்கணும், பொண்ணு பக்கத்துல அம்மா நிக்கற மாதிரி வரைஞ்சு குடுன்னு கேட்டீங்க. நான் எத வெச்சு வரைவேன்? நீங்க குடுத்தத வெச்சுதானே?

என்ன குடுத்தீங்க? பதினொரு போட்டோ. ஒண்ணுல பாயசம் பரிமாறறாங்க, குனிஞ்சிருக்காங்க, வகிடு மட்டும் தெரியுது. ஒண்ணுல நீங்க புது கார் முன்னாடி நிக்கறீங்க, ஓரமா அவங்க கையும் ஒரு எலுமிச்சம்பழமும்... சிரிக்கல சார், நெஜமாவே அதான் இருக்கு. மொகம் தெளிவா இருக்கற ஒரே போட்டோ ஹர்ஷிதா எடுத்த செல்ஃபி. செல்ஃபில இடது வலது மாறிடும். அதனாலதான் உங்ககிட்ட கேட்டேன்...

கேக்கலையா? நான் கேக்கலையா? இருங்க, எடுக்கறேன். வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் ஒரு ஃபார்ம் அனுப்புவேன், உங்களுக்கும் அனுப்பினேன்... இதோ. உயரம்: ‘சாதாரணம்’. கண்ணாடி: ‘சில சமயம்’. மச்சம்: ‘ஞாபகம் இல்லை’. மூக்குத்தி எந்தப் பக்கம்: ‘ஏதோ ஒரு பக்கம், நீங்களே பாத்துப் போடுங்க’... நீங்க எழுதினதத்தான் வாசிக்கறேன்... மீட்டிங்ல இருந்தீங்களா? இருபத்தாறு வருஷமும் மீட்டிங்லயா இருந்தீங்க?

...மரியாதையாத்தான் பேசறேன்... நீங்க மொதல்ல ஆரம்பிச்சீங்க.

சரி, ஃபார்ம விடுங்க. பென்சில்ல போட்டு அனுப்பினேனா இல்லையா? மொகம், நகை, பொடவை எல்லாம் வீட்ல நாலு பேர்கிட்ட காட்டிட்டு சொல்லுங்க, கலர் ஏறினா மாத்த முடியாதுன்னு வாய்ஸ் மெசேஜே போட்டேன். நாலே நிமிஷத்துல உங்க கிட்டேருந்து ‘ஓகே’ன்னு கட்டைவிரல் படம் வந்துச்சு. ஹர்ஷிதாகிட்ட காட்டினீங்களா?... சர்ப்ரைஸா. ரொம்ப சந்தோஷம். கலர் ஏத்தறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ மாத்தித் தருவேன்னேன். மொத தடவ இன்னும் கொஞ்சம் செவப்பா காட்டுன்னீங்க. ரெண்டாவது தடவ ஒடம்பக் கொறன்னீங்க. எனக்கே மனசு ஒப்பல, ஆனாலும் செஞ்சேன்.

...அழிச்சுட்டு இந்தப் பக்கம் வைக்கறதா? சார், இது கம்ப்யூட்டர் படம் இல்ல. கையால போட்ட வாட்டர்கலர். மூக்கு மேல சுரண்டினா காகிதம் பிஞ்சு வந்துடும். மொதல்லேருந்து புதுசாத்தான் போடணும். இன்னிக்கு வியாழன், ஞாயித்துக்கிழமை கல்யாணம். முடியாது... முடியாது சார்... ரிவ்யூ போடுவீங்களா? தாராளமா போடுங்க, கூடவே அந்த ஃபார்மையும் போடுங்க... வீட்டுக்கு வர்றீங்களா? வாங்க. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ். பெல்லு ரிப்பேரு, கதவத் தட்டுங்க.

...இப்ப என்ன?... வைரமா? எட்டுக்கல்லு வைர மூக்குத்தி, வலது பக்கம்... கனகம் மாமி சொன்னாங்களா. பதினொரு போட்டோல ஒண்ணுலகூட வைரம் இல்லையே சார்... அவங்களுக்குத் தெரியும், சரி. உங்களுக்குத் தெரியுமா?... அதானே.

இருங்க. யாரு அங்க அழறது?... ஹர்ஷிதாவா? படத்தப் பாத்துட்டாளா?... போன அவகிட்ட குடுங்க... ஏன் குடுக்க முடியாது? அந்த மூக்கப் பத்தி உங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. தெரிஞ்சவகிட்ட குடுங்க சார்!

...ஹலோ, ஹர்ஷிதா? படம் போட்ட பிளெசி அக்கா பேசறேன்மா... தமிழ் சரியா வரலேன்னா தெலுங்குலயே சொல்லு, எனக்குப் புரியும்... அய்யோ, அழாத... அது அம்மாவே இல்லயா?... யாரோ சீரியல்ல வர்றவங்க மாதிரி இருக்கா... ஆமாம்மா. செவப்பாக்கினதும் நான்தான், ஒல்லியாக்கினதும் நான்தான். சொன்னாங்கன்னு செஞ்சுட்டேன். தப்புதான்.

மூக்குத்தி?... இல்லவே இல்லயா? அப்ப உன் செல்ஃபில ஒரு புள்ளி தெரியுதே?... என்ன குச்சி?... தொடப்பக்குச்சியா!... ஓட்டை தூந்துடக்கூடாதுன்னு ஒடச்சு சொருகியிருந்தாங்களா... எத்தன வருஷமா?... ஒம்போதா?... நான் அந்த எடம் மட்டும் மங்கலா இருக்குன்னு நெனச்சு தங்கத்துல பொட்டு வெச்சுட்டேன்டி அம்மா.

அப்ப அந்த வைரம் எங்க போச்சு?... ஸ்மிதா யாரு?... கனகம் அத்தை பொண்ணு. அவ கல்யாணத்துக்கு ஒரு நாள் போட்டுக்கட்டும்னு கழட்டிக் குடுத்தாங்களா... யாரு குடுக்கச் சொன்னா?... அப்பாவா?... திரும்பி வரவே இல்லயா?... அம்மா கேக்கல?... ரெண்டு தடவ கேட்டாங்களா. அப்பா என்ன சொன்னாரு?... ‘இத எல்லாமா அக்காகிட்ட போய்க் கேப்பாங்க’... அப்புறம் அம்மா கேக்கவே இல்ல...



சரி, கண்ணத் தொடச்சுக்கோ. நான் சொல்றதக் கேளு. புதுசாப் போடறேன், ஞாயித்துக்கிழம மண்டபத்துல இருக்கும்... முடியும். முடியாதுன்னு சொன்னது உங்கப்பாகிட்ட. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு இங்க வந்துடு. பக்கத்துலயே உக்காரு. நெறம், ஒடம்பு, கண்ணாடி எல்லாம் நீ சொல்லு, நான் போடறேன்... மூக்குக்கு என்னம்மா வைக்கட்டும்?... குச்சியேவா?... யோசிச்சுட்டியா? அத்தன பேரு பாப்பாங்க... பாக்கட்டும்ங்கறியா. சரி. எந்தப் பக்கம்?... வலது. எழுதிக்கிட்டேன்.

...ஆங், சார். போனப் பிடுங்கிட்டீங்களா... ஆமா, சொல்லிட்டா... மறந்துபோச்சா உங்களுக்கு... ம்... ம்... அது பழைய கதையா?... அக்கா மனசு கஷ்டப்படுமா... சம்பந்தி வீட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்களா... குச்சி வேணாம், வைரமே போடணுமா... நக்கோ சார், முடியாது. போட மாட்டேன்... எத்தன தடவ கேட்டாலும் அதேதான். கண்ணால பாக்காத நகைய இனிமே நான் வரையறதில்ல. உங்க அக்காவுக்கு அந்த மூக்குல வைரம் இருந்தே ஆகணும்னா, ஸ்மிதா மூக்குல இருக்கறதக் கழட்டி, நாளைக்குக் காலைல ஹர்ஷிதா கையில குடுத்தனுப்பச் சொல்லுங்க. பாத்து வரையறேன். வெக்கறேன்.